கொஞ்சமாக வாங்குவோர்க்கும் நியாயம் உண்டு

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற மகளிர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

விழாக் காலத்தில் மேடை ஏறுகிறவர்கள் பெரிய பொருள்களைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பதோ மிகச் சிறிய பொருள். அது உள்ளங்கையில் அடங்கும். ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் கிடைக்கும். பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும். ஆம், ஷாம்புவும் சோப்புத் தூளும் காப்பித் தூளும் அடைத்து விற்கிற சின்னஞ்சிறு பாக்கெட்டைத்தான் சொல்கிறோம். உள்ளே இருக்கும் சரக்கு ஒரு வேளையில் தீர்ந்துவிடும். வெளியே இருக்கும் உறையோ நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் தீராது.

இதைப் பற்றி விவாதம் எழும்போதெல்லாம் ஒரு தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. "ஏழைகள் குடியிருக்கும் இடத்தைப் பாருங்கள், சாக்கடை முழுதும் பாக்கெட், அவர்களுக்குச் சுத்தம் தெரியாது" என்று வசதி படைத்தோர் சொல்லிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு நியாயமானதுதானா? இதை ஆராய்வதே நம் நோக்கம். அதற்காக உங்களைப் பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். காரணம் இரண்டு. இந்தப் பாக்கெட் தொல்லை அங்கே உச்சத்தை எட்டியிருக்கிறது என்பது ஒன்று. அதற்கு ஒரு மாற்றும் அங்கே, ஏழைகளின் தெருக்களிலேயே, சின்னக் கடைகளிலேயே முளைத்திருக்கிறது என்பது மற்றொன்று.

பிலிப்பைன்ஸில் தெருவுக்குத் தெரு 'சாரி-சாரி' என்னும் கடைகள் உண்டு. அந்தச் சொல்லுக்குப் 'பலவகை' என்று பொருள். நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கடைகள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலும் வீட்டின் முன்னறைதான் கடை. வீட்டுப் பெண்மணிதான் முதலாளி. அங்கே வாங்கும் முறைக்கு 'திங்கி' என்று பெயர். நம் மொழியில் சொன்னால், கொஞ்சம் கொஞ்சமாகச் சில்லறையில் வாங்குவது. ஒரு பல் பூண்டு கேட்கலாம். ஒரு சிகரெட் கேட்கலாம். வீட்டிலிருந்து புட்டியைக் கொண்டுபோய்க் கொஞ்சம் காடியும் கொஞ்சம் எண்ணெயும் ஊற்றி வாங்கலாம்.

இது நமக்குப் புதிதா? நம் தாய்மார் கழுத்தில் கயிறு கட்டிய புட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆழாக்கு எண்ணெய் வாங்கி வரவில்லையா? பருப்பையும் மிளகையும் காகிதத்தில் மடித்து வாங்கி வரவில்லையா?

கொஞ்சமாக வாங்குவது அறியாமையால் அல்ல. அன்றாடம் கூலி வாங்குகிறவன் அன்றாடம்தான் செலவு செய்ய முடியும். மாதச் சம்பளக்காரர் ஒரு லிட்டர் புட்டி வாங்குகிறார். கூலிக்காரர் கையில் உள்ள இருபது ரூபாயில் அரிசிக்கும் காய்க்கும் போக மிஞ்சும் இரண்டு ரூபாய்க்குத்தான் வாங்க முடியும். அவர் கணக்கில் தவறு ஏதும் இல்லை. சொல்லப்போனால் குடும்பம் நடத்தும் தாய்மாரின் சிக்கனம் அதுதான். ஆகவே கொஞ்சமாக வாங்குவது குற்றமன்று. இந்த ஒன்றை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நாம் மேலே சொல்லப்போவதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

அப்படியானால் பாக்கெட் எப்படி வந்தது? இங்கே நம் தமிழகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. புட்டியில் மட்டும் விற்ற ஷாம்பு ஒரு காலத்தில் வசதி உள்ளவர் வீட்டுப் பொருளாக இருந்தது. அதைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தால் ஏழையும் வாங்குவான் என்ற எண்ணத்துக்குக் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் முன்னோடியாகப் போற்றப்படுகிறார். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் பதினைந்தாயிரம் ரூபாய் முதலுடன் தனியே தொழில் தொடங்கி, 'சிக்' ஷாம்புவைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஏழைப் பெண்ணும் விரும்பியதை வாங்கலாம் என்ற நிலையை அந்தப் பாக்கெட் உண்டாக்கியது. அதை நாம் குறைத்துப் பேச மாட்டோம்.

அந்த வரலாற்றில் ஒரு செய்தி நம் சிந்தனைக்கு உரியது. தொடக்க நாள்களில், ஐந்து வெற்றுப் பாக்கெட்டைக் கொண்டுவந்தால் ஒரு புதுப் பாக்கெட் இலவசம் என்று விற்றார்கள். விற்பனையைப் பெருக்குவதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆயினும் அதிலிருந்து ஒன்று தெரிகிறது. வெற்று உறைக்கு ஒரு மதிப்பு இருக்கும்போது மக்கள் அதைப் பொறுக்கிச் சேர்த்துக் கொண்டுவருகிறார்கள். மதிப்பு இல்லாதபோது அது சாக்கடைக்குப் போகிறது. குப்பை போடும் குணம் என்று ஒன்று ஏழைக்குத் தனியாக இல்லை.

பாக்கெட் வியாபாரம் ஆசியா முழுதும் பரவியது. பிலிப்பைன்ஸில் அது திங்கிப் பழக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. புட்டி போய்விட்டது, பாக்கெட் வந்துவிட்டது. 2019இல் வெளியான ஓர் ஆய்வின்படி அந்நாட்டில் ஒரு நாளைக்குச் செலவாகும் பாக்கெட்டுகள் ஏறத்தாழ 16 கோடியே 30 லட்சம். ஆண்டுக்கு ஏறக்குறைய 6,000 கோடி. பச்சைக் குழந்தை முதல் படுத்த கிழவர் வரை தலைக்கு நாளொன்றுக்கு ஒன்றரைப் பாக்கெட் என்று ஆகிறது.

இந்த உறைகள் எங்கே போகின்றன? பால் கவரையும் தண்ணீர்ப் புட்டியையும் பழைய சாமான்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். ஷாம்பு பாக்கெட்டை எடுப்பாரா? எடுக்க மாட்டார். பிளாஸ்டிக்கும் அலுமினியத் தகடும் பல அடுக்காக ஒட்டிச் செய்யப்பட்ட பொருள் அது. அடுக்குகளைப் பிரிக்க ஆகும் செலவு, கிடைக்கும் பொருளின் விலையைவிட மிகுதி. பொறுக்குகிறவருக்கு அதில் காசு இல்லை. உலகத்திலேயே 2015 வரை குப்பையாகப் போன பிளாஸ்டிக்கில் மறுசுழற்சிக்கு வந்தது நூற்றுக்கு 9 பங்குதான் என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தப் பல அடுக்கு உறைக்கு அந்த 9 பங்கிலும் இடம் கிடைப்பது அரிது.

ஆகவே அது கால்வாயை அடைக்கிறது. மழை பெய்தால் தாழ்வான குடிசைக்குள் தண்ணீர் வருகிறது. அல்லது குப்பை மேட்டுக்குப் போகிறது. மணிலாவை அடுத்த கெசோன் நகரில் பயாத்தாஸ் என்று ஒரு குப்பை மலை இருந்தது. அதன் அடிவாரத்தில் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஏழைகள் குடியிருந்தார்கள். அந்தக் குடியிருப்பு ஒன்றின் பெயர் என்ன தெரியுமா? 'வாக்களிக்கப்பட்ட நிலம்'! 2000ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், அடைமழையில் ஊறிப்போன அந்த மலை சரிந்து குடிசைகளை மூடியது. 200 பேருக்கு மேல் மாண்டார்கள். ஊரெல்லாம் போட்ட குப்பைக்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்கள் ஏழைகள்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு 2001 ஜனவரியில் அந்நாட்டில் திடக்கழிவுச் சட்டம் கையெழுத்தானது. சூழலுக்கு ஒவ்வாத பொருள்கள் எவையெவை என்று ஓராண்டுக்குள் பட்டியல் வெளியிட வேண்டும் என்று சட்டம் சொன்னது. பட்டியலில் முதற்பொருள்கள் ஏறியது 2021இல்! அவையும் உறிஞ்சுகுழலும் காப்பி கலக்கும் குச்சியும்தான். பாக்கெட்டுக்கு அதில் இடமில்லை. சட்டம் மேலிருந்து வரும் என்று ஏழை காத்திருந்தால் இருபது ஆண்டு கழித்து ஒரு குச்சி கிடைக்கிறது!

அன்பர்களே, கீழே இருந்து என்ன முளைத்தது என்பதை இப்போது பார்ப்போம்.

2023இல் சான் ஹுவான், கெசோன் ஆகிய நகரங்களில், கிரீன்பீஸ் இயக்கமும் ஒரு தொழில் வளர்ப்பு நிறுவனமும் நகர நிர்வாகங்களின் துணையோடு 'கூஹா சா திங்கி' என்ற திட்டத்தைத் தொடங்கின. புதிய கடை எதுவும் கட்டவில்லை. இருக்கிற சாரி-சாரி கடைகளிலேயே பாத்திரம் கழுவும் திரவம், துணி துவைக்கும் திரவம், துணியை மென்மையாக்கும் திரவம், தரை துடைக்கும் திரவம் ஆகியவற்றைப் பெரிய கலங்களில் வைத்தார்கள். வாங்க வருகிறவர் வீட்டிலிருந்து புட்டி கொண்டுவருகிறார். கடைக்காரப் பெண்மணி அளந்து ஊற்றுகிறார். ஐந்து ரூபாய்க்குக் கேட்டாலும் உண்டு, ஐம்பது ரூபாய்க்குக் கேட்டாலும் உண்டு. கலம் காலியானதும் அதே கலம் மீண்டும் நிரம்பி வருகிறது. அவ்வளவுதான்.

நெக்ரோஸ் தீவிலும் இத்தகைய முயற்சி உண்டு. அங்கே அதற்கு 'வாலா ஊசிக்' என்று பெயர். 'வீண் ஏதுமில்லை' என்று பொருள். தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டிலே ஹோசே மனுவேல் மொல்லர் என்ற இளைஞர், மாணவராகத் தோழர்களோடு ஏழைப் பகுதி ஒன்றில் குடியிருந்தபோது, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதால் ஒவ்வொரு பொருளுக்கும் கூடுதல் விலை கொடுக்க நேர்வதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததே 'அல்கிராமோ' என்ற நிறுவனம். 'கிராம் கணக்கில்' என்பது அதன் பொருள். எவ்வளவு குறைவாக வாங்கினாலும் மொத்தமாக வாங்குகிறவருக்கு உள்ள விலையே ஏழைக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 2023இல் ஐ.நா. சூழல் அமைப்பு வழங்கிய 'பூவுலகின் காவலர்' விருதைப் பெற்றவர்களில் இந்த மொல்லரும் ஒருவர், கெசோன் நகரத் தலைவி ஜாய் பெல்மோந்தேயும் ஒருவர். பெரிய நாடுகளின் பெரிய ஆலைகள் இருக்க, புட்டியில் அளந்து ஊற்றும் கடைகளை ஆதரித்தவர்கள் அந்த மேடையில் இடம்பெற்றார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதன் உட்பொருளை நன்றாகக் கவனியுங்கள். இந்தக் கடை ஏழையைப் பார்த்து, "நீ பெரிய புட்டி வாங்கு" என்று சொல்லவில்லை. "உன் பழக்கத்தை விடு" என்றும் சொல்லவில்லை. "நீ கேட்கிற கொஞ்சத்தையே தருகிறேன், உறையை மட்டும் நீக்கிவிடுகிறேன்" என்கிறது. ஏழையின் அளவை மதிக்கிறது. அதனால்தான் அது ஏழையின் தெருவில் வேர் பிடிக்க முடிகிறது.

இனி, உங்கள் மனத்தில் எழக்கூடிய மறுப்புகளுக்கு வருவோம். மறுப்புகளை ஒளிக்காமல் எடுத்து ஆராய்வதே முறை.

முதல் மறுப்பு: "உதிரியாக விற்றால் கலப்படம் வருமே!" வரும். 1998இல் டில்லியில் கலப்படக் கடுகெண்ணெயால் நீர்க்கோவை நோய் பரவி அறுபது பேர் வரை இறந்தார்கள். அதன்பிறகே சமையல் எண்ணெயை அடைத்துத்தான் விற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு நம் நாட்டில் இறுகியது. ஆகவே கண்டதையெல்லாம் உதிரியாக விற்கலாம் என்று நாம் சொல்லவில்லை. பிலிப்பைன்ஸ் கடைகள் எங்கே தொடங்கின என்று பாருங்கள். பாத்திரத்துக்கும் துணிக்கும் தரைக்கும் உரிய திரவங்களில். வாயில் வைக்கும் பொருளில் அல்ல. அறிந்த இடத்திலிருந்து சரக்கு, கலத்தின்மேல் பெயரும் தேதியும், முத்திரையிட்ட அளவை, எல்லாருக்கும் தெரியும்படி விலைப் பலகை. இந்த நான்கும் இருந்தால் நம்பிக்கை வரும். கள்ளப்படியும் கள்ள மரக்காலும் இறைவனுக்கு அருவருப்பு என்று பழைய ஏற்பாடு பல இடங்களில் எச்சரிப்பது கடைக்காரர்களாகிய உங்களுக்குத் தெரியாததல்ல.

இரண்டாம் மறுப்பு: "பாக்கெட்தானே மலிவு?" சில பொருளில் அது உண்மை. போட்டியின் காரணமாக ஷாம்பு போன்றவற்றில் புட்டியைவிடப் பாக்கெட் மலிவாக இருப்பதும் உண்டு. ஆகவே எல்லாவற்றிலும் லாபம் என்று வாக்குக் கொடுக்க நாம் துணிய மாட்டோம். உங்கள் வீட்டில் வாங்கும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் எத்தனை மில்லி, என்ன விலை என்று எழுதிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எதில் நிரப்புக் கடை மலிவாகத் தர முடியுமோ அதில்தான் தொடங்க வேண்டும். பூமியைக் காப்பாற்றுவதற்காக ஏழை கூடுதல் விலை கொடுக்க வேண்டும் என்று கேட்பது அநியாயம். நிரப்புக் கடை நிலைக்க வேண்டுமானால் அது வாங்குகிறவருக்குக் காசு மிச்சமாக்க வேண்டும், விற்கிறவருக்குப் பாக்கெட்டில் கிடைப்பதற்குக் குறையாத லாபம் தர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் உதவிப் பணம் தீர்ந்த அன்று கலமும் மூலைக்குப் போய்விடும்.

மூன்றாம் மறுப்பு: "கடைக்காரருக்கு முதல் ஏது?" இதுதான் மெய்யான இடர்ப்பாடு. பாக்கெட்டை ஒரு சரம் கடனுக்குக் கொண்டுவந்து தொங்கவிட்டுப் போகிறார் விற்பனையாளர். இருபது லிட்டர் கலத்துக்கு மொத்தப் பணம் வேண்டும். சிந்தினால் நட்டம். ஊற்றிக் கொடுக்க நேரமும் ஆகும். மாலை நேரக் கூட்டத்தில் புட்டியை வைத்துக்கொண்டு பத்துப் பேர் நின்றால் அந்தத் தாய் என்ன செய்வார்? ஆகவே இது தனியொருவர் சுமக்கும் சுமை அன்று. இங்கேதான் உங்கள் மகளிர் குழுவுக்கு வேலை வருகிறது. நாலைந்து கடைகளுக்குச் சேர்த்துக் குழு மொத்தமாக வாங்கலாம். சரக்கை முதலில் கொடுத்து விற்ற பின் பணம் வாங்கலாம். கால் லிட்டர், அரை லிட்டர்ப் புட்டிகளை முன்கூட்டியே நிரப்பி வைத்து, வெற்றுப் புட்டியைக் கொடுத்து நிறைந்த புட்டியை எடுத்துப்போகும்படி செய்யலாம். சோடாப் புட்டிக்கு முன்பணம் கட்டி வாங்கிய பழக்கம் நம் ஊருக்குப் புதிதல்லவே.

நான்காம் மறுப்பு: "பாக்கெட் செய்கிற பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு எங்களிடம் ஏன் சொல்கிறீர்கள்?" நல்ல கேள்வி. அவர்களை விட்டுவிடவில்லை. உற்பத்தி செய்கிறவரே உறைக்குப் பொறுப்பு என்ற சட்டம் 2022இல் பிலிப்பைன்ஸில் வந்தது. 2023இல் நூற்றுக்கு 20 பங்கு, படிப்படியாக உயர்ந்து 2028இல் 80 பங்கு பிளாஸ்டிக் உறைகளுக்குப் பெருநிறுவனங்கள் ஈடு செய்ய வேண்டும். நம் நாட்டிலும் 2022இல் அத்தகைய விதிகள் வந்தன. வரவேற்கிறோம். ஆனால் ஒரு வேற்றுமையைக் காண வேண்டும். போட்ட குப்பையை வாரிக்கொண்டு போவது வேறு, குப்பையே உண்டாகாமல் செய்வது வேறு. வாரிய பாக்கெட்டைச் சிமெண்டு ஆலையில் எரித்தாலும் கணக்கில் ஈடு செய்ததாக ஆகிவிடும். நம் தெருவுக்கு மறுநாளும் அதே அளவு பாக்கெட் வந்து சேரும். கலத்தில் ஊற்றி விற்கும் வழியை அந்த நிறுவனங்களே திறந்துவிட வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அப்படிக் கேட்பதற்கு, நம் தெருவில் ஒரு கடையாவது நடந்துகொண்டிருக்க வேண்டும். நடக்கிற கடை ஒன்று நூறு விண்ணப்பங்களைவிடப் பேசும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில், பூமியின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் ஒன்றாகக் கேட்கச் சொன்னார். எறிந்துவிடும் பண்பாட்டைக் கண்டித்தார். பிளாஸ்டிக்கைக் குறைப்பது போன்ற சின்னச் செயல்களையும் வெளிப்படையாகவே குறிப்பிட்டார். எறிவது பொருளோடு நிற்பதில்லை. பொருளை எறிந்து பழகிய கை, அந்தப் பொருள் விழும் இடத்தில் குடியிருக்கும் மனிதரையும் எறியப் பழகிவிடுகிறது. பயாத்தாஸ் நமக்குக் காட்டுவது அதைத்தான்.

முடிவாக, பொன்விழா ஆண்டில் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று: ஒரு வாரத்துக்கு உங்கள் வீட்டில் பிரிக்கும் பாக்கெட்டுகளையெல்லாம் ஒரு பையில் போட்டு வையுங்கள். நாளுக்கு இரண்டு என்றாலும் ஆண்டுக்கு 730. நூறு வீடுள்ள தெருவுக்கு 73,000. பையை எண்ணிப் பார்த்தால் பிரசங்கம் வேண்டாம்.

இரண்டு: மகளிர் குழுவினர் கூடி, பாத்திரம் கழுவும் திரவம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மனமுவந்து முன்வரும் ஒரே ஒரு பெட்டிக்கடையில் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். வரவு செலவை மாதந்தோறும் எல்லாரும் பார்க்கும்படி எழுதி ஒட்டுங்கள். காசு மிஞ்சினால் இரண்டாவது கடை. மிஞ்சாவிட்டால் ஏன் மிஞ்சவில்லை என்று கண்டறிந்து மாற்றுங்கள்.

மூன்று: வசதியுள்ள வீட்டார் அந்தக் கடைக்கு வந்து வாங்குங்கள். அது உதவியன்று, கடமை. ஏழை மட்டும் புட்டி தூக்கிக்கொண்டு வர, மற்றவர் பெரிய கடையில் புதுப் புட்டி வாங்கினால், புட்டி தூக்குவது ஏழ்மையின் அடையாளமாகிவிடும். பிள்ளைகள் அதைத் தூக்க வெட்கப்படுவார்கள். எல்லாரும் தூக்கினால் அது ஊர்ப் பழக்கமாகிவிடும். 2021இல் நம் மாநில அரசு மஞ்சப்பையை மீண்டும் கையில் எடுக்கச் சொன்னபோது, முதலில் சிரித்தவர்களும் உண்டு, இன்று தூக்குகிறவர்களும் உண்டு.

கொஞ்சமாக வாங்குகிறவர் கொஞ்சமான மனிதர் அல்லர். அவருக்கு நேரான அளவு வேண்டும், நேரான விலை வேண்டும், குப்பை சூழாத வாசல் வேண்டும். இந்த மூன்றையும் ஒரே கடையில் கொடுக்க முடியும் என்று கடல் கடந்த நம் சகோதரிகள் காட்டத் தொடங்கிவிட்டார்கள். நம்மாலும் முடியும்.

 அடுத்த ஞாயிறு மாலை பையோடு வாருங்கள். எண்ணிப் பார்ப்போம்.